லினக்ஸ் பழகலாம் – 17: ஃபைல் வந்து இறங்க ஓர் இடம்

அச்சகமோ, ஆல்பம் டிசைன் செய்யும் ஸ்டுடியோவோ நடத்துபவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். 2 ஜிபி ஃபைலை மெயில் ஏற்காது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்து வரும். கடைசியில் யாராவது பென்டிரைவோடு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தால் போதும், இதற்கு வழி செய்துவிடலாம்.

எஃப்டிபி சர்வர்தானே என்பீர்கள். வேண்டாம் என்றுதான் சொல்வேன். எஃப்டிபி மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஐஐடி கான்பூரின் முதல் அணியில் படித்து எம்ஐடிக்குப் போன அபய் பூஷன், 1971 ஏப்ரலில் அதன் முதல் வரைவை எழுதினார். அப்போது இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் இருந்தவை பல்கலைக்கழகங்கள், ஆய்வு நிறுவனங்களின் சில கம்ப்யூட்டர்கள்தான். இன்றைய இணையம் அப்படியல்ல. எஃப்டிபியிலோ பாஸ்வேர்டு எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே போகிறது. நடுவில் ஒட்டுக்கேட்பவர் படித்துவிடலாம்.

1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அதுதான் நடந்தது. நெட்வொர்க்கில் யாரோ ஒட்டுக்கேட்டுப் பாஸ்வேர்டுகளைத் திரட்டியிருந்தார்கள். அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யூலோனென், அதற்குத் தீர்வாக, பாஸ்வேர்டை மறைத்து அனுப்பும் எஸ்எஸ்ஹெச்சை எழுதினார். எஃப்டிபியின் போர்ட் 21, டெல்நெட்டின் போர்ட் 23. இடையில் காலியாக இருந்த 22-ஐக் கேட்டு வாங்கினார். அந்த 22 வழியாகவே ஃபைல் அனுப்புவதுதான் எஸ்எஃப்டிபி. ஃபயர்வாலில் இந்த ஒரு போர்ட்டைத் திறந்தால் போதும். எஃப்டிபியைப் போல டேட்டாவுக்கென்று தனியாக ஒரு வரிசை போர்ட்டுகளைத் திறந்துவைக்க வேண்டியதில்லை.

உபுண்டு, டெபியனில் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்-சர்வர் பேக்கேஜைப் போட்டாலே எஸ்எஃப்டிபியும் வந்துவிடும். வாடிக்கையாளருக்கென்று ஒரு குரூப், அதில் ஒரு யூசர் உருவாக்குங்கள். ஷெல்லை 'நோலாகின்' என்று வையுங்கள். பிறகு எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிக் ஃபைலின் கடைசியில் 'மேட்ச் குரூப்' பகுதியைச் சேர்த்து, இந்த குரூப்பில் உள்ளவர்கள் 'இன்டர்னல்-எஸ்எஃப்டிபி'யை மட்டுமே ஓட்டலாம், ஒரு குறிப்பிட்ட ஃபோல்டரைத் தாண்டக் கூடாது என்று எழுத வேண்டும். அந்த ஃபோல்டருக்குள் அடைப்பதைத்தான் சிஹெச்ரூட் என்கிறோம். கடைசியில் எழுதச் சொல்வதற்குக் காரணம், 'மேட்ச்' வரிக்குக் கீழே வருவதெல்லாம் அந்த குரூப்பை மட்டுமே கட்டுப்படுத்தும்.

பெரும்பாலானோர் தடுக்கி நிற்பது இதற்கு அடுத்த படியில்தான். பாஸ்வேர்டு சரியாக இருக்கும். ஆனால் உள்ளே நுழைந்த கணமே தொடர்பு அறுந்துவிடும். லாகைத் திறந்தால் 'பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ்' என்று தொடங்கும் வரி இருக்கும். அடைத்துவைக்கும் ஃபோல்டரும், அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு ஃபோல்டரும் ரூட்டின் பெயரில் இருக்க வேண்டும். ரூட்டைத் தவிர வேறு யாருக்கும் அவற்றில் எழுதும் உரிமை இருக்கக் கூடாது. அந்த இடத்தில் யூசரால் எழுத முடிந்தால், போலியான சிஸ்டம் ஃபைல்களை வைத்து வேலியைத் தாண்ட வழி தேடலாம். அதனால்தான் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் இதில் துளியும் விட்டுக்கொடுப்பதில்லை. கோபத்தில் 777 கொடுத்துப் பார்க்காதீர்கள், நிலைமை இன்னும் கெடும். வெளி ஃபோல்டரை ரூட் பெயரில் 755-ஆக வையுங்கள். அதற்குள் 'வரவு' என்று இன்னொரு ஃபோல்டர் போட்டு, அதை மட்டும் யூசரின் பெயருக்கு மாற்றுங்கள். ஃபைல்கள் அங்கே வந்து இறங்கும்.

சர்வீஸை ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் 'எஸ்எஸ்ஹெச்டி -டி' (sshd -t) கொடுத்து கான்ஃபிக்கைச் சோதித்துவிடுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் வரி எண்ணோடு காட்டிக்கொடுக்கும். வேறு கம்ப்யூட்டரிலிருந்து உள்ளே வந்து இதைச் செய்கிறீர்கள் என்றால், புதிய இணைப்பு வேலை செய்வதைப் பார்க்கும்வரை பழைய விண்டோவை மூடாதீர்கள்.

வாடிக்கையாளர் பக்கம் ஃபைல்ஜில்லா போதும். சைட் மேனேஜரில் புரோட்டோகால் எஃப்டிபி என்றே நிற்கும். அதை எஸ்எஃப்டிபிக்கு மாற்றச் சொல்லுங்கள்.

இப்போதைக்கு இது அலுவலக வைஃபைக்குள் மட்டும் ஓடட்டும். ரவுட்டரில் 22-ஐ வெளியுலகுக்குத் திறந்தால், பாஸ்வேர்டை ஊகித்து நுழையப் பார்க்கும் புரோகிராம்கள் வரிசைகட்டி வந்து தட்டும். பாஸ்வேர்டே இல்லாமல் கீ வைத்து நுழையும் முறையை அடுத்த வாரம் அமைத்துவிட்டு, அதன் பிறகு திறக்கலாம்.