சவரத்துக்குப் பின் சருமம் வறள்வது ஏன்?

நித்தியம் முகச்சவரம் செய்துகொள்வோரின் சருமம் வறள்வதற்குக் கத்தி மாத்திரமே காரணமன்று. மேல்தோலின் உச்சியில், சுமார் 0.02 மில்லிமீட்டர் கனமே உள்ள உயிரற்ற செல்களின் படலத்தில் ஒரு பகுதியை, ரோமத்தோடு சேர்த்து அலகு சுரண்டிவிடுகிறது என்பது உண்மையாயினும், அச்செல்களுக்கிடையே நின்று ஈரத்தைக் காக்கும் கொழுப்புப் பொருள்களைக் கரைத்துக் கொண்டுபோகும் குற்றம், காரத்தன்மை மிக்க சோப்புக்கும் மிகுந்த சூடுள்ள நீருக்குமே உரியது. ஆரோக்கியமான சருமத்தின் பி.எச். அளவு 5-ஐ ஒட்டியது. சாதாரணச் சோப்பினுடையதோ 9 முதல் 10 வரை.

ஆகவே, வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நிமிஷம் ரோமத்தை ஊறவைத்து, கிளிசரின் கலந்த நுரையிட்டு, கூரிய பிளேடால் அழுத்தாமல் மழிப்பதே உத்தமம். ஆல்கஹால் கலந்த வாசனைத் திரவத்தை, அதன் குளிர்ச்சி எவ்வளவு ரம்மியமாயினும், நான் சிபாரிசு செய்யமாட்டேன். எஞ்சிய கொழுப்பையும் அது கரைத்துவிடும். முகத்தில் ஈரம் இருக்கும்போதே சிறிது களிம்பு பூசினால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகும் வேகம் தணியும்.