அறுபத்தொன்பதே கார்கள்!

பழைய கார் என்றாலே அரிய கார் என்று நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு. பழசாக இருந்தால் மட்டும் போதாதுங்க. 1969-ஆம் வருட மாடலாக அமெரிக்காவில் தயாரான செவர்லே கமாரோ கார்களின் எண்ணிக்கை 2,43,085. இதில் 69 கார்களுக்கு மட்டும் தனி மரியாதை. அவற்றின் பெயர் 'இசட்.எல்.1'. வெளித்தோற்றத்தில் சாதாரண கமாரோதான். விஷயம் எல்லாம் பானெட்டுக்கு உள்ளேதான்.

அந்த நாளில் ஜெனரல் மோட்டார்ஸ் மேலிடம் ஒரு கட்டுப்பாடு போட்டிருந்தது. கமாரோ போன்ற சின்னக் கார்களில் 400 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினை வைக்கக் கூடாது. ஆனால் கம்பெனிக்குள்ளேயே ஒரு கொல்லைப்புற வழி இருந்தது. டாக்ஸிக்காரர்கள், போலீஸ் இலாகா போன்றவர்கள் கேட்கும் விசேஷ வண்டிகளுக்காக 'சென்ட்ரல் ஆபீஸ் புரொடக்‌ஷன் ஆர்டர்' என்று ஒரு முறை. சுருக்கமாக 'கோபோ'. டாக்ஸிக்கு வைத்த வழியில் ரேஸ் காரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்! இலினாய் மாநிலத்தில் லா ஹார்ப் என்ற சிற்றூர் டீலர் ஃபிரெட் கிப்பும், செவர்லேயில் இருந்த வின்ஸ் பிகின்ஸும்தான் இதற்குக் காரணகர்த்தாக்கள். கால் மைல் டிராக் ரேஸை நடத்தும் என்.எச்.ஆர்.ஏ. அமைப்பின் விதிப்படி குறைந்தது 50 வண்டி தயாரானால்தான் அந்த மாடலைப் பந்தயத்தில் சேர்ப்பார்கள். சரி என்று கிப் 50 கார்களுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்.

எஞ்சினைப் பார்ப்போம். 427 கன அங்குலம், அதாவது 7 லிட்டர். போர் 4.25 அங்குலம், ஸ்ட்ரோக் 3.76 அங்குலம், 8 சிலிண்டர். (ஐ.சி. எஞ்சின் பேப்பரில் போட்ட சூத்திரத்தை இங்கேயும் போட்டுப் பாருங்கள், சரியாக வரும்.) பிளாக், ஹெட் இரண்டுமே அலுமினியம். அலுமினியச் சுவரில் பிஸ்டன் ரிங் உரசினால் தாங்காது என்பதால் சிலிண்டருக்குள் இரும்பு லைனர் இறக்கியிருந்தார்கள். கம்ப்ரஷன் ரேஷியோ 12-க்கு 1. கம்பெனி காகிதத்தில் 430 குதிரைத்திறன் என்று எழுதினாலும் உண்மையில் 500-ஐத் தாண்டும் என்பது பந்தயக்காரர்களுக்குத் தெரிந்த ரகசியம்.

இவ்வளவு நல்ல வண்டி ஏன் 69-ஓடு நின்றது? விலைதான். வி-8 எஞ்சின் போட்ட சாதாரண கமாரோ 2,700 டாலர் சொச்சம். இந்த எஞ்சினுக்கு மட்டும் 4,160 டாலர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான்! மொத்தம் 7,200 டாலர் கொடுத்து யார் வாங்குவார்? கிப்பால் 13 வண்டிதான் விற்க முடிந்தது. மீதி 37-ஐக் கம்பெனியே திரும்ப எடுத்து வேறு டீலர்களுக்குப் பிரித்து அனுப்பியது. மற்ற டீலர்கள் நேரடியாகக் கேட்டவை 19. ஆக 69. அப்படியும் போணியாகாமல் சில வண்டிகளில் அந்த எஞ்சினையே கழற்றிவிட்டு மலிவான எஞ்சினைப் போட்டு விற்றார்கள் என்றால் பாருங்களேன்.

வாங்கியவர்களாவது பத்திரமாக வைத்தார்களா? ரேஸுக்கு வாங்கிய வண்டியை ரேஸில்தானே ஓட்டுவாங்க. கியர் தப்பினால் கனெக்டிங் ராடு பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே வரும். உடனே வேறு எஞ்சின்.

இப்போது நம் மாதிரி ஆட்களுக்கு வேலை வருகிறது. சாதாரண 1969 கமாரோ பாடியும் ஒரு 427 எஞ்சினும் கிடைத்தால் நல்ல மெக்கானிக் அச்சு அசலாக ஒரு 'இசட்.எல்.1' கட்டிவிடுவான். வண்டியின் அடையாள எண்ணைப் பார்த்தால் தெரியாதா? தெரியாது! 124379 என்று தொடங்கும் அந்த 13 இலக்க எண், வி-8 கூப்பே, 1969 மாடல் என்று சொல்லும். எந்த வி-8 என்று சொல்லாது.

எனவே எஞ்சினையே பார்க்க வேண்டும். பிளாக்கின் வலப்பக்க ஹெட்டுக்கு முன்னால் சின்னதாக ஒரு சமதள மேடை இருக்கும். தயாரித்த தேதி, எஞ்சின் குறியீடு, வண்டி எண்ணின் பின்பகுதி எல்லாம் அதில்தான் குத்தியிருக்கும். வம்பு என்னவென்றால், ஹெட் உட்காரும் அதே தளத்தின் நீட்சிதான் இந்த மேடை. ரீகண்டிஷன் என்று யாராவது மேல்தளத்தைச் சீவினால் எண்ணும் சேர்ந்து போய்விடும். போனதை மறுபடி குத்தி ஏமாற்றுகிறவர்களும் உண்டு. ஆனால் ஃபேக்டரியில் பிரோச்சிங் செய்தபோது விழுந்த மெல்லிய நேர்கோடுகள் அந்த மேடையில் இருக்கும். கிரைண்டர் பட்ட இடத்தில் அந்தக் கோடுகள் இருக்காது. லென்ஸ் வைத்துப் பார்க்கிறவர் முதலில் தேடுவது எண்ணை அல்ல, இந்தக் கோடுகளைத்தான்.

2012-இல் செவர்லே மறுபடியும் 'கோபோ கமாரோ' என்ற பெயரில் ஒரு பந்தயக் காரை விட்டது. சாலையில் ஓட்ட அனுமதியில்லாத வண்டி. எத்தனை செய்தார்கள் தெரியுமா? எண்ணி 69! இந்தத் தடவை வண்டி வருமுன்பே எண்ணிக்கையை முடிவு செய்து விளம்பரமும் கொடுத்துவிட்டார்கள்.