எடுக்கப்படாத செம்பு

மனிதன் முதன்முதலாகக் கையாண்ட உலோகங்களுள் செம்பும் ஒன்று. பண்டைக் காலத்தில் கலமும் கருவியுமாக விளங்கிய அது, இக்காலத்தில் மின்னாற்றலைச் சுமக்கும் கம்பியாக வீடுதோறும் நுழைந்துள்ளது. இத்துணைப் பயனுடைய செம்பு நிலத்தடியில் உண்டெனத் தெரிந்தும், அதனைத் தோண்டாது விட்ட இடங்களும் உலகில் உள. வேல்ஸ் நாட்டின் வடமேற்கில், டோல்கெத்லை என்னும் சிற்றூருக்கு வடக்கேயுள்ள கோய்ட் அ பிரெனின் காடு அத்தகையதோர் இடமாகும். ‘அரசனது காடு’ என்பது அப்பெயரின் பொருள்.

ஏறத்தாழ 48 கோடி ஆண்டுகளுக்கு முன் அப்பகுதியில் எரிமலைகள் கனன்றன. ஆழத்திலிருந்து எழுந்த பாறைக்குழம்பு, பழைய படிவுப் பாறைகளினுள் புகுந்து இறுகியது. அப்பொழுது அதனைச் சூழ்ந்து ஓடிய வெந்நீர், செம்பையும் கந்தகத்தையும் கரைத்துச் சுமந்து, பாறையின் நுண்ணிய வெடிப்புகளில் நுழைந்தது. சூடு தணியத் தணியச் சுமையை அங்கேயே இறக்கிற்று. செம்பும் இரும்பும் கந்தகமும் கூடிய பொன்னிறக் கனிமம் இவ்வாறு பாறையெங்கும் பொடி தூவினாற்போலப் பரவியது. ஓரிடத்தில் திரண்டு நில்லாமல் பரந்து கிடப்பதே இவ்வகைத் தாதின் இயல்பு.

நிலம் தன்னுள் மறைத்த பொருளைப் புறத்தே சில குறிகளால் உணர்த்தும். அக்காட்டின் சதுப்பு நிலம் ஒன்றில், செம்பு கரைந்த ஊற்றுநீர் நெடுங்காலம் கசிந்தது. மட்கிய தழைகள் அச்செம்பை ஈர்த்து வைத்துக்கொண்டன. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்கள் அப்புல்தரை மண்ணை வெட்டி, உலர்த்தி, சூளையிலிட்டு எரித்தனர். எஞ்சிய சாம்பலில் செம்பு மிகுந்திருந்தது. அச்சாம்பல் சுவான்சி நகரின் உருக்காலைகளுக்குச் சென்று நல்ல விலை பெற்றது. செம்பு மிகுந்தால் பெரும்பாலான செடிகளுக்கு நஞ்சாகும். ஆயினும் கடற்கரையில் வளரும் இளஞ்சிவப்புப் பூச்செடி ஒன்று அந்நஞ்சைத் தாங்கி அச்சதுப்பில் இன்றும் தழைக்கின்றது.

அக்காட்டைச் சேர்ந்த கிளாஸ்டிர் சுரங்கத்தில் செம்புக் கனிமம் கல்லோடு பொடியாகக் கலந்திருந்தமையால் பிரித்தெடுத்தல் அரிதாயிற்று. 1890-களின் இறுதியில் எல்மோர் உடன்பிறப்பினர் அங்கே ஒரு புதுமுறையைக் கையாண்டனர். பொடித்த கல்லை நீரோடும் எண்ணெயோடும் கலக்கினால், கனிமத்துகள்கள் எண்ணெயைப் பற்றிக்கொண்டு மேலே மிதக்கும்; வெறுங்கல் அடியில் தங்கும். இக்கருத்திலிருந்து வளர்ந்த மிதப்பு முறையே இன்று உலகெங்கும் ஏழைத் தாதுகளைச் செல்வமாக்குகின்றது.

1960-களின் இறுதியில் ரியோ டின்டோ சிங்க் நிறுவனத்தார் அக்காட்டை ஆராயத் தொடங்கினர். ஓடைகளின் மணலையும் சரிவுகளின் மண்ணையும் பகுத்து, செம்பு மிகுந்த இடங்களைப் படத்தில் குறித்தனர். பின்னர்த் துளைப்பொறியால் பாறையைத் துளைத்து, நீண்ட கல்லுருளைகளாக வெளியே எடுத்துச் சோதித்தனர். ஏறத்தாழ 20 கோடி டன் தாது உண்டென்றும், அதில் செம்பு நூற்றுக்கு 0.3 பங்கே என்றும் மதிப்பிடப்பட்டது. அஃதாவது, ஆயிரம் கிலோ கல்லை உடைத்தால் கிடைப்பது மூன்று கிலோ செம்பு. மொத்தத்தில் ஆறு லட்சம் டன்.

அதனை எடுக்க, மலையையே பெருங்குழியாக வெட்டவேண்டும். எஞ்சும் கழிகல்லையும் எங்கேனும் குவித்தாகவேண்டும். அக்காடோ 1951-ஆம் ஆண்டிலேயே தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மலைநாட்டின் பகுதி. சுரங்கம் வந்தால் ஊரார்க்குப் பிழைப்புண்டாகும் என்றனர் சிலர்; ஆறும் அழகும் ஒருமுறை கெட்டால் மீளா என்றனர் பலர். இரு சாராரும் ஊரின் நலத்தையே கருதினர். நாடு முழுவதும் எழுந்த அவ்வழக்கின் நடுவே, 1973-ஆம் ஆண்டு நிறுவனத்தார் அத்திட்டத்தைக் கைவிட்டனர்.

இன்று அக்காட்டு வழிகளில் நடப்போரும் மிதிவண்டி ஊர்வோரும் செம்பின்மேலேயே செல்கின்றனர். பாறையில் உலோகம் இருப்பது மட்டும் அதனைத் தாதாக்குவதில்லை. எடுக்கும் செலவும், விற்கும் விலையும், இழக்க நேரும் நிலத்தின் மதிப்பும் ஒருங்கே எண்ணப்படவேண்டும். செம்பின் விலை ஏறும், இறங்கும், கருவிகளும் மாறும். ஆதலின் இக்கணக்கை ஒவ்வொரு தலைமுறையும் தானே போட்டுப் பார்த்தல் வேண்டும். தோண்டாது விட்ட செம்பு அதுவரை பாறையினுள் கெடாது கிடக்கும். தோண்டியழித்த மலையோ மீண்டும் வாராது.