உங்களுக்குத் தெரியுமா? பால்மரம் தரும் மின்சாரம்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் சுங்கை பட்டாணி, கூலிம், பாலிங் முதலிய பிரதேசங்களின் தோட்டங்களில், 25 முதல் 30 வயதெய்திப் பால் சுரப்புக் குன்றிய ரப்பர் மரங்களை வெட்டி மறுநடவு செய்வது வழக்கம் என்பதும், முற்காலத்தில் ரப்பர் ஷீட்டுகளை உலர்த்தும் புகைக்கூடங்களுக்கு விறகாகப் போன அதே மரம் 1980-கள் முதல் நாற்காலி மேசைகளாகிக் கப்பலேறிற்று என்பதும் பலர் அறிந்தவையே. எனினும், மரக்கழிவை எரித்து மின்சாரம் உற்பத்தி செய்யும் ஆலையொன்றை அங்கே ஸ்தாபிக்க விரும்புவோர், நிற்கும் மரங்களை எண்ணினால் மட்டும் போதாது.

1 மெகாவாட் மின்சாரத்தை ஆண்டு முழுவதும் இடைவிடாது அளிக்க, 10,000 டன்னுக்கும் மேற்பட்ட பச்சை மரம் வேண்டும். அதன் எடையிலோ ஏறக்குறையப் பாதி நீர்தான். வெட்டிய சில தினங்களிலேயே நீலப் பூசணம் படர்ந்துவிடும் என்பதால், பருத்த அடிமரம் அவசர அவசரமாக அறுவை ஆலைக்குப் போய்விட, கொதிகலனுக்கு எஞ்சுவன கிளைகளும் வெட்டுத் துண்டுகளும் மரத்தூளுமே. மேலும், ஒருமுறை வெட்டிய தோட்டம் மறுபடியும் மரம் தரக் கால் நூற்றாண்டு ஆகும். செம்பனைக்கு மாறிய நிலமோ ரப்பர் மரம் தரப்போவதில்லை. ஆதலால், ஆண்டுதோறும் மறுநடவாகும் ஏக்கர்களும், லாரி கடக்கும் தூரமுமே இக்கணக்கின் மெய்யான ஆதாரங்கள்.