மண்குவளையும் காகிதக் கோப்பையும்

கொல்கத்தாவின் தெருமுனைத் தேநீர்க் கடைகளில் தேநீர் மண்குவளையில் தரப்படுவது நெடுநாள் வழக்கம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சிறு குவளை அது. மெருகு எதுவும் பூசப்படாதது. சூடான தேநீரை ஊற்றியவுடன் மண் சிறிது நீரை உறிஞ்ச, முதல் மழையின் மண்வாசனை எழும். வங்காளிகள் அக்குவளையை மூக்கொலியுடன் ‘பார்’ என்று அழைப்பர். அச்சொல்லுக்கும், தமிழர் ‘மண்பாண்டம்’ என்று சொல்லும்போது வரும் ‘பாண்டம்’ என்ற சொல்லுக்கும் மூலம் ஒன்றே. பருகி முடித்ததும் குவளையைக் கீழே போட்டு உடைத்துவிடுவர். ஒருவர் வாய்வைத்த குவளை இன்னொருவருக்குத் தரப்படுவதில்லை. தூய்மை கருதிய இவ்வழக்கத்துக்குப் பின்னால் சாதி பற்றிய தீட்டு எண்ணமும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

காகிதக் கோப்பை பிறந்த கதையும் ஏறத்தாழ இத்தகையதே. அமெரிக்காவில் தொடர்வண்டிகளிலும் பள்ளிகளிலும் தண்ணீர்த் தொட்டியருகே ஒரே குவளை தொங்கும்; வருவோர் போவோர் அனைவரும் அதிலேயே குடிப்பர். நோய் பரவுவதைக் கண்டு, கான்சாஸ் மாநிலம் 1909ஆம் ஆண்டு அப்பொதுக்குவளையைத் தடை செய்தது. அதற்குச் சற்று முன்னரே, 1907இல், லாரன்ஸ் லூயெல்லன் என்பவர் ஒருமுறை குடித்து எறியத்தக்க காகிதக் கோப்பையை உருவாக்கியிருந்தார். ஆகவே தொடக்கத்தில் அது நோய்த்தடுப்புக் கருவியே ஆகும்.

இன்று கொல்கத்தாவில் மண்குவளையோடு காகிதக் கோப்பை போட்டியிடுகிறது. அதன் விலை குறைவு, எடை குறைவு, கைதவறி விழுந்தாலும் உடைவதில்லை. நூறு கோப்பைகளை ஒன்றனுள் ஒன்றாக அடுக்கி ஒரு பையில் வைத்துவிடலாம். பார்வைக்கு அது வெறுங்காகிதம். ஆனால் வெறுங்காகிதம் சுடுநீரைத் தாங்காது. சிறிது நேரத்தில் ஊறிக் கிழிந்துவிடும். ஆதலால் உட்புறத்தில் மெல்லிய நெகிழிப்படலம் ஒன்றை ஒட்டுகின்றனர். பெரும்பாலும் அது பாலிஎத்திலீன் ஆகும். கண்ணுக்குப் புலப்படாத இப்படலத்திலிருந்தே எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது.

மேற்கு வங்காளத்திலேயே உள்ள கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், பேராசிரியர் சுதா கோயலும் அவருடைய ஆய்வு மாணவர்களும் இப்படலத்தை ஆராய்ந்து 2020ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். 85 முதல் 90 பாகை செல்சியஸ் வரை வெப்பமுள்ள 100 மில்லிலிட்டர் நீரைக் காகிதக் கோப்பையில் ஊற்றிப் பதினைந்து நிமிடம் வைத்திருந்தனர். அதற்குள் ஏறத்தாழ 25,000 நுண்நெகிழித் துகள்கள் நீரில் கலந்திருந்தன. நாள்தோறும் மூன்று கோப்பை பருகுபவர் 75,000 துகள்களை விழுங்குகிறார் என்பது அவர்கள் கணக்கு. பதினைந்து நிமிடம் வரை தேநீரைக் கையில் வைத்திருப்பவர் யார் என்று வேறு ஊரார் கேட்கலாம். ‘அட்டா’ எனப்படும் அரட்டைக்குப் பேர்போன கொல்கத்தாவில் அவ்வாறு யாரும் கேட்கமாட்டார்கள்.

பருகிய பின் கோப்பை எங்கே போகிறது? காகித ஆலையில் பழைய தாள்களை நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, மீண்டும் தாளாக வார்ப்பர். நெகிழி ஒட்டிய கோப்பை எளிதில் கூழாகாது. படலத்தைத் தனியே பிரித்தெடுக்கும் பொறிகள் சில ஆலைகளிலேயே உண்டு. அன்றியும் அது தேநீரும் பாலும் ஊறி அழுக்கடைந்த காகிதம். செய்தித்தாளையும் அட்டைப்பெட்டியையும் எடைபோட்டு வாங்கும் பழைய பொருள் வணிகருக்கு அதனால் பயனில்லை. எனவே குப்பை பொறுக்குவோரும் அதனைக் குனிந்து எடுப்பதில்லை. செல்வ நாடுகளிலும் நிலைமை வேறன்று. பிரிட்டனில் ஆண்டுதோறும் 250 கோடி காபிக் கோப்பைகள் எறியப்படுகின்றன என்றும், அவற்றுள் நூற்றுக்கு ஒன்றுகூட மறுசுழற்சிக்குச் செல்வதில்லை என்றும் அந்நாட்டு நாடாளுமன்றக் குழு 2018இல் கூறியது.

கொல்கத்தாவின் குப்பை நகரின் கிழக்கெல்லையில் உள்ள தாப்பா மேட்டுக்குச் செல்கிறது. அதனை அடுத்திருப்பவை கிழக்குக் கொல்கத்தாச் சதுப்புநிலங்கள். நகரத்தின் கழிவுநீரைக் குளங்களில் தேக்கி, வெயிலாலும் பாசியாலும் தூய்மையாக்கி, அதிலேயே மீன் வளர்க்கும் வியத்தகு முறை அங்கு உள்ளது. 2002ஆம் ஆண்டு அந்நிலங்கள் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. சாணத்தையும் காய்கறிக் கழிவையும் உணவாக்கிக்கொள்ளும் அந்நீருக்கு நெகிழியைச் செரிக்கும் ஆற்றல் இல்லை.

அப்படியானால் மண்குவளையே சிறந்தது என்று முடிவு கட்டிவிடலாமா? அதிலும் ஒரு தடை உண்டு. ‘மண்ணில் பிறந்தது மண்ணோடு கலந்துவிடும்’ என்று பலர் எண்ணுகின்றனர். அது முழுவதும் உண்மையன்று. ஏறத்தாழ 600 பாகைக்கு மேல் சுடப்பட்ட களிமண் மீண்டும் குழையும் களிமண்ணாவதில்லை; உடைந்தாலும் ஓடாகவே நிற்கும். இல்லையேல் கீழடியில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பானையோடுகளில் தமிழ் எழுத்துகளைப் படித்திருக்க முடியுமா? கிரீட் தீவில் ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன் விருந்தினர் குடித்து எறிந்த மண்குவளை ஒன்றை, லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 2019இல் ஒரு காகிதக் கோப்பையின் அருகே காட்சிக்கு வைத்தது! ஆயினும் ஓடு நஞ்சைக் கக்குவதில்லை. செங்கல் துண்டைப் போல் நிலத்தில் கிடக்கும். குவளைக்கான உண்மையான விலை சூளையில் எரியும் விறகும் நிலக்கரியும், தோண்டியெடுக்கப்படும் வண்டலுமே ஆகும். குயவர்கள் சக்கரத்தைச் சுற்றிப் பிழைக்கும் கூலி மறுபுறம் உள்ளது. 2004ஆம் ஆண்டு தொடர்வண்டித்துறை அமைச்சராக இருந்த லாலு பிரசாத் மண்குவளைகளைத் தொடர்வண்டிகளுக்குக் கொண்டுவந்தபோது மனத்தில் கொண்டது அக்கூலியைத்தான். அத்திட்டம் நிலைக்கவில்லை. 2020இல் பியூஷ் கோயல் அதே அறிவிப்பை மீண்டும் வெளியிட்டார்.

சட்டம் காகிதக் கோப்பையை ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்ட ஒருமுறை நெகிழிப் பொருள்களின் பட்டியலில் நெகிழிக் கோப்பை உண்டு. காகிதக் கோப்பை இல்லை. தமிழ்நாடோ 2019 ஜனவரி 1 அன்றே பதினான்கு வகைப் பொருள்களைத் தடை செய்து, நெகிழி பூசிய காகிதக் கோப்பையையும் அவற்றுள் சேர்த்தது. உற்பத்தியாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அத்தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது. எனவே ஹவுராவில் தாராளமாகக் கிடைக்கும் கோப்பை, கோரமண்டல் விரைவுவண்டி சென்னையை அடையும்போது தடை செய்யப்பட்ட பொருளாகிவிடுகிறது.

எறியாத கோப்பையும் இந்நகரில் இல்லாமலில்லை. கல்லூரித் தெருவின் ஆல்பர்ட் மண்டபத்தில் 1942 முதல் இயங்கும் காபி இல்லத்தில் காபி பீங்கான் கோப்பையில்தான் வருகிறது. ஒரு பீங்கான் கோப்பையைச் செய்யக் காகிதக் கோப்பைக்கு ஆவதைவிட மிகுதியான எரிபொருள் செலவாகும். கழுவ நீரும் வேண்டும். ஆனால் ஒரே கோப்பை நூற்றுக்கணக்கானோருக்குக் காபி தந்துவிட்டு, மறுநாளும் மேசைக்கு வருகிறது. தமிழர் வீட்டு எவர்சில்வர் டம்ளரோ கீழே விழுந்தாலும் நசுங்குமே தவிர உடைவதில்லை. பாட்டி காலத்து டம்ளரில் பேரப்பிள்ளைகள் காபி குடிக்கின்றனர்.