கல் முதலில் செத்தவர்களுக்கு

எகிப்து என்றதும் பிரமிடுதான் கண்முன் வரும். ஆனால் அந்த ஊர் அரசர்கள் உயிரோடு குடியிருந்ததெல்லாம் பச்சை மண் செங்கல் அரண்மனையில். கல் வீடு கிடைத்தது செத்த பிறகு. அரண்மனைகள் கரைந்துபோயின, கல்லறைகள் நிற்கின்றன.

இதைக் கேட்டு ஆச்சரியப்பட நம் அணுபுரத்துக்காரருக்கு ஒன்றுமில்லை; நம் பக்கத்திலும் கல் முதலில் செத்தவர்களுக்குத்தான். டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

திருப்போரூர் பக்கம் சிறுதாவூரிலும் மதுராந்தகம் பக்கம் சானூரிலும் பெரிய பெரிய கற்களை வட்டமாக வைத்திருப்பார்கள். கல்வட்டம் என்பார்கள். பெருங்கற்காலத்து ஈமக்காடு அது. சானூரில் 1950களின் தொடக்கத்தில் தோண்டிப் பார்த்தபோது, சுட்ட மண்ணில் செய்து கால்கள் வைத்த ஈமப்பேழைகள், கருப்பு சிவப்புப் பானைகள், இரும்புப் பொருள்கள் எல்லாம் கிடைத்தன. செத்தவருக்குச் சாமான் கட்டிக் கொடுத்து அனுப்புவதில் எகிப்தியரும் நம்மவரும் ஒரே கட்சி.

உடம்பு விஷயத்தில்தான் வழி பிரிகிறது. எகிப்தியருக்கு உடம்பு முழுசாக இருக்க வேண்டும். உயிர் திரும்பி வந்து அடையாளம் காண வேண்டுமே. குடலை எடுத்து, நேட்ரான் என்ற உப்பில் உலர்த்தி, துணி சுற்றி முடிக்க 70 நாள். இரண்டாம் ராம்சேஸ் அரசனின் மூக்கில் மிளகு அடைத்திருந்தார்கள்; விளைந்தது நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம். இங்கேயோ பெரும்பாலும் சதை போகும்வரை விட்டுவிட்டு, மிஞ்சிய எலும்பில் சிலவற்றை மட்டும் பொறுக்கி வைத்தார்கள். அதனால் இங்கே மருந்து பூசுகிறவருக்கு வேலையில்லை, குயவருக்குத்தான். கணவனை இழந்தவள் ‘எனக்கும் இடம் இருக்கிற மாதிரி ஈமத்தாழியை அகலமாகச் செய்’ என்று குயவரிடம் கேட்கும் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. எந்தப் பிரமிடும் என்னை அவ்வளவு உலுக்கியதில்லை.

இனி மாமல்லபுரம். கல் என்றாலே இழவு என்றிருந்ததால்தான் தமிழர்கள் வெகுகாலம் சாமிக்குக் கல்லில் கோயில் எடுக்கவில்லை என்று தொல்லியல் அறிஞர் கே.ஆர். சீனிவாசன் எழுதினார். எனக்கு அது சரியாகவே படுகிறது. 7ஆம் நூற்றாண்டில் பல்லவ அரசன் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்துவிட்டு, செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் செய்தேன் என்று கல்வெட்டிலேயே பெருமை பேசுகிறான். புதுசாக ஒன்றைச் செய்தவன் பேச்சு அது. அவனுக்குப் பின் வந்தவர்கள்தான் நம் கடற்கரைப் பாறைகளை ரதங்களாக்கினார்கள்.

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் ஐந்து ரதத்தோடு நிறுத்தாதீர்கள், சிறுதாவூருக்கும் கூட்டிப்போங்கள். ஒரு கல்லையும் நகர்த்த மட்டும் விடாதீர்கள். வட்டம் கலைந்தால் அடியில் யாரோ இருப்பது தெரியாமலே மேலே மனை போட்டுவிடுவார்கள்.