பதினோரு கோடி வயது மரப்பிசின்

வடக்கு ஸ்பெயினில் கான்டாப்ரியா பகுதியில் எல் சோப்ளாவ் என்று ஓர் இடம். டைனோசர் காலத்து மரங்களில் வடிந்த பிசின் அங்கே அம்பராகக் கிடைக்கிறது. வயது 11 கோடி ஆண்டு. கல் போல இறுகியிருந்தாலும், உள்ளே கற்கண்டில் இருப்பது போன்ற வரிசை ஒழுங்கு கிடையாது. இயற்பியல் கணக்கில் இதுவும் கண்ணாடிதான்.

படியில் அரிசியைக் கொட்டினால் தலை நிறைந்து நிற்கும். இரண்டு தட்டு தட்டினால் இறங்கி, இன்னும் ஒரு பிடிக்கு இடம் விடும். அவசரத்தில் உறைந்த கண்ணாடியையும் காலம் இப்படித்தான் தட்டிக்கொடுத்து இறுக்குகிறது.

ஆனால் கடுங்குளிரில் கண்ணாடி வேறு முகம் காட்டுகிறது. 1971-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜெல்லர், போல் என்ற இருவர் அதை 1 கெல்வினுக்கும் கீழே, அதாவது மைனஸ் 272 டிகிரிக்கும் கீழே, குளிர்வித்து அளந்தார்கள். மின்சாரம் கடத்தாத படிகத்தில் வெப்பநிலை பாதியானால் தன்வெப்பம், அதாவது ஒரு டிகிரி சூடேற்றத் தேவையான வெப்பம், எட்டில் ஒரு பங்காகச் சரியும். கண்ணாடியில் கிட்டத்தட்டப் பாதியாகத்தான் குறைந்தது. எல்லாம் அடங்கியிருக்க வேண்டிய குளிரில் எது இன்னும் வெப்பத்தை வாங்குகிறது?

மறு ஆண்டே ஆண்டர்சன், ஹால்பெரின், வர்மா மூவரும், தனியாக பிலிப்ஸும் ஒரே விடையைச் சொன்னார்கள். சில அணுக்கூட்டங்களுக்கு உட்கார இரண்டு இடங்கள் உண்டு. இடையிலுள்ள மேட்டை ஏறத் தெம்பில்லாவிட்டாலும், குவாண்டம் விதிப்படி அதை ஊடுருவி அங்குமிங்கும் போய்வருகின்றன.

11 கோடி ஆண்டு தட்டினால் இந்த ஊசலாட்டம் நிற்குமா? மாட்ரிட் ஆய்வாளர்கள் அம்பரை அப்படியே ஒருமுறை அளந்தார்கள். சூடாக்கி அதன் முதுமையை அழித்துவிட்டு மறுபடியும் அளந்தார்கள். 2014-ல் வெளியான முடிவு: ஊசலாட்டம் இரண்டிலும் ஒன்றேதான்.

அதே ஆண்டு இன்னொரு கண்ணாடி எதிர்மாறாக நடந்துகொண்டது. இண்டோமெதசின், மூட்டு வலிக்குத் தரும் மருந்து. அதை வெற்றிடத்தில் ஆவியாக்கி, குளிர்ந்த தகட்டில் மெல்லப் படியவைத்தார்கள். மேற்பரப்பில் விழும் மூலக்கூறு புதைவதற்கு முன் நகர்ந்து நல்ல இடம் பிடித்துக்கொள்கிறது. அரிசியை ஒவ்வொன்றாக எடுத்துவைத்த மாதிரி. அந்தப் படலத்தில் ஊசலாட்டம் ஏறக்குறைய மறைந்தே போயிருந்தது. மூலக்கூறுகள் அடுக்கடுக்காக அமைந்ததே காரணம் என்பது ஆய்வாளர்கள் வாதம். வெறும் இறுக்கம் மட்டும் போதாது என்பதற்கு அம்பரே சாட்சி.

குவாண்டம் கணினி செய்பவர்களுக்கு இந்த ஊசலாட்டம் அன்றாடத் தலைவலி. அந்தக் கணினியின் அடிப்படை அலகுகளான மீக்கடத்தி கியூபிட்டுகளில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடு படலமும் ஒழுங்கற்ற கண்ணாடி வகைதான். ஒரு கெல்வினில் நூறில் ஒரு பங்குக் குளிரிலும் அதற்குள் இடம் மாறும் அணுக்கள், கியூபிட்டின் ஆற்றலை உறிஞ்சி, கணக்கு முடிவதற்குள் அதைக் கலைத்துவிடுகின்றன.